காய்ச்சல் விட்டது, தசை மீண்டதா?

இளங்கலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு

காய்ச்சல் கண்டவரைப் பார்க்க வருவோர் நம் ஊர்களில் முதலில் கேட்பது, "காய்ச்சல் விட்டுவிட்டதா?" என்பதுதான். விட்டுவிட்டது என்றால் எல்லோருக்கும் நிம்மதி. மறுநாளே வகுப்பு, மைதானம், என்.சி.சி. அணிவகுப்பு! ஆனால் உடற்சூடு தணியும் நாளும் உடல் தேறும் நாளும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடையே, இழந்த தசையை மீட்க வேண்டிய நாட்கள் இருக்கின்றன. வீடும் விடுதியும் கல்லூரியும் அந்நாட்களைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

நம் உடல் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு எலும்புத்தசை. நடக்கவும் சுமக்கவும் பயன்படுவது என்று மட்டுமே அதை எண்ணுகிறோம். உடலின் புரதக் களஞ்சியமும் அதுவே. குதிரில் நெல்லைக் கொட்டுவதும் அள்ளுவதும் போல, தசையில் புரதம் சேர்வதும் கரைவதும் நாள்தோறும் நடைபெறுகின்றன. இந்த வரவு செலவைப் பெரிதும் நடத்துபவை நாளமில்லாச் சுரப்பிகளின் ஹார்மோன்கள். இன்சுலின், வளர்ச்சி ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன் ஆகியவை வரவின் பக்கம் நிற்பவை. அட்ரினல் சுரப்பி தரும் கார்ட்டிசால் செலவின் பக்கம் நிற்பது. தைராக்சினோ மிகுந்தாலும் தசை தளரும், குறைந்தாலும் தளரும்.

நலமான நாட்களில் வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். வைரஸ் நுழைந்து காய்ச்சல் கடுமையானதும் தராசு சாய்கிறது. கார்ட்டிசால் மிகுதியாகச் சுரக்கிறது. இன்சுலினின் கட்டளைக்குத் தசை முன்போல் பணிவதில்லை. பசியும் போய்விடுகிறது. நோயை எதிர்க்கும் புரதங்களைப் படைக்க அமினோ அமிலங்கள் வேண்டுமே! அவை தசையிலிருந்து எடுக்கப்படுகின்றன. பஞ்ச காலத்தில் விதைநெல்லைக் குத்தி உண்பதைப் போன்ற ஏற்பாடு இது. உயிரைக் காக்க அது தேவைதான். ஆனால் மழை பெய்தபின் விதைநெல்லை மீண்டும் சேர்த்து வைக்க வேண்டாமா?

இதற்கு மேலும், தசையை நேரடியாகத் தாக்கும் வைரஸ்கள் உண்டு. இன்ஃபுளுவென்சாவுக்குப் பின் கெண்டைக்கால் தசை அழற்சியுற்று, நடக்கவே அஞ்சும் சிறுவர்களை மருத்துவர்கள் அறிவர். காக்சாக்கி வைரஸ் இதயத் தசையையும் விட்டுவைப்பதில்லை. 1964இல் சென்னையிலும் 2006இல் தமிழகத்தின் பல பகுதிகளிலும் பரவிய சிக்குன்குனியா பெரிதும் மூட்டுகளின் நோய். எனினும் வலிக்கு அஞ்சி மூட்டை அசைக்காதிருந்தால், அதைச் சார்ந்த தசையும் மெலிந்துபோகும்.

இவற்றையெல்லாம் நோக்கும்போது, நம்மிடையே உள்ள மூன்று பழக்கங்கள் மாற வேண்டும்.

முதலாவது, வாரக்கணக்கில் வெறும் கஞ்சி. காய்ச்சலின்போது கஞ்சி நல்லதே. நீரும் உப்பும் எளிதாக உடலில் சேரும். ஆனால் பசி திரும்பிய பின்னும் அரிசிக் கஞ்சியும் ரொட்டியுமே என்றால் தசைக்கு வேண்டிய புரதம் எங்கிருந்து வரும்? பாசிப்பயறு, முட்டை, பால், சுண்டல் ஆகியவை நமக்கு எட்டாதவை அல்லவே!

இரண்டாவது, உடல்வலி உடனே தீர ஊசி கேட்பது. அவ்வாறு போடப்படுவனவற்றுள் ஸ்டீராய்டும் உண்டு. அது கார்ட்டிசாலின் இனத்தைச் சேர்ந்தது. ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவர் இத்துறை ஆய்வுக்காக 1950இல் நோபல் பரிசு பெற்றனர். உயிர் காக்கும் மருந்து அது என்பதில் ஐயமில்லை. உயிர்வளி தேவைப்பட்ட கோவிட் நோயாளிகளின் இறப்பை டெக்சாமெத்தசோன் குறைத்ததை 2020இல் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது. அதே ஆய்வில், உயிர்வளி தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை இல்லை என்பதும் தெரிந்தது. நீண்ட நாள் தொடர்ந்தால் அம்மருந்தே தொடைத் தசையைக் கரைக்கும். இரத்தச் சர்க்கரையையும் ஏற்றும். மருத்துவர் தேவை அறிந்து தருவது வேறு, நாமே கேட்டு வாங்குவது வேறு.

மூன்றாவது, எழுந்ததும் ஓடுவது. காய்ச்சலின் நடுவிலோ, அது விட்ட மறுநாளோ கடும் பயிற்சி செய்வது இதயத் தசைக்கு ஆபத்தாகலாம். தசை பெருமளவு சிதைந்தால் சிறுநீர் கருத்துப் போகும், சிறுநீரகமும் கெடும். அப்படியானால் படுத்தே கிடக்கலாமா என்று நண்பர்கள் கேட்கலாம். கூடாது. பயன்படுத்தாத தசை கரையும். முதியோர்க்கு அது இன்னும் விரைவு. முதலில் அறைக்குள் நடை, பிறகு தெருமுனை வரை, அதன்பின் மைதானம் என்று படிப்படியாகத் திரும்புவதே முறை. நடுவே நெஞ்சு படபடத்தாலோ மூச்சு வாங்கினாலோ மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மாணவர் பலர் தேறாத உடலோடு வகுப்புக்கு வருவதற்கு வருகைப்பதிவு பற்றிய அச்சமும் ஒரு காரணம். அவர்களுள் காலையில் பால் ஊற்றிவிட்டும் மாலையில் கடை வேலை பார்த்தும் படிப்போர் உண்டு. அவர்களுக்குத் தசைதான் முதலீடு. எனவே பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: காய்ச்சலிலிருந்து எழுந்த மாணவருக்கு இரண்டு வாரமேனும் அணிவகுப்பிலும் ஓட்டத்திலும் விலக்கு அளியுங்கள். விடுதிக் குழுவினருக்கு மற்றொன்று: நோயுற்றோர் உணவில் கஞ்சியோடு ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பயறோ சேருங்கள். இதற்கு ஆகும் செலவு சிறிது. மழைக்காலக் காய்ச்சல் வரும் முன்னரே இதைத் தொடங்கிவிடலாம்.