நோயாளியிடம் சொல்லாத சிகிச்சை

முதுகுவலிக்கு ஆசானிடம் தடவல் பார்த்துவிட்டு, எண்ணெய் மணத்தோடு நம் முன்னால் வந்து உட்காரும் எழுபது வயதுக்காரரை குமரி மாவட்டத்தில் மருத்துவம் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். பலருக்கு அது வெறும் தேய்மானம்தான். சிலருக்குப் பி.எஸ்.ஏ. நூறைத் தாண்டி நிற்கும். எலும்பு ஸ்கேனில் முதுகெலும்பு நெடுகப் புள்ளிகள் தெரியும்: எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய். அப்படிப்பட்டவருக்கு என்ன சிகிச்சை என்பதை அவரிடம் பேசுவதில்லை. வராந்தாவில் மகனிடமோ, துபாயிலிருக்கும் இன்னொரு மகனிடம் வாட்ஸ்அப்பிலோ பேசி முடித்துவிடுகிறோம். "அப்பாட்ட ஒண்ணும் சொல்லாண்டாம் டாக்டரே" என்பார்கள். முடிவு விரை நீக்கம் என்றால், அப்பாவின் காதில் விழுவது 'ஒரு சின்ன ஆபரேஷன்' என்பது மட்டும்தான்.

விரை நீக்கத்தைப் பழைய சிகிச்சை என்று ஒதுக்குவதில் நமக்கு உடன்பாடில்லை. ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்த நோய் அடங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். 1966இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். அறுவை முடிந்த அரை நாளில் டெஸ்டோஸ்டிரோன் தரைமட்டத்துக்கு இறங்கிவிடும். பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் இருப்பவர் மூன்று மாதத்துக்கொரு முறை ஹார்மோனை அடக்கும் ஊசிக்கு இறங்கி வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கால் மரத்து, தண்டுவடம் நெரிபட்டு வருபவருக்கோ லூப்ரோலைடு ஊசி முதல் வாரங்களில் ஹார்மோனை ஏற்றிவிடும். அவருக்கு விரை நீக்கமோ டெகரெலிக்ஸோதான் சரி. அன்றே எம்.ஆர்.ஐ., அன்றே டெக்சாமெத்தசோன். நீண்ட ஆலோசனைக்கு அங்கே நேரமில்லை.

மற்றவர்களுக்கு நேரம் உண்டு. அவர்களிடம் சொல்ல வேண்டியவை இவை: இரண்டு விரைகளும் போகும், ஆசையும் விறைப்பும் போகும், உடம்பு திடீர் திடீரென்று கொதித்து வேர்க்கும், எலும்பு மெலியும், சர்க்கரை ஏறலாம். ஊசியும் இதையெல்லாம் செய்யும், ஆனால் ஊசியை நிறுத்த முடியும். பை வெறுமையாவது உறுத்தும் என்றால், உறையை விட்டுவிட்டு உள்திசுவை மட்டும் எடுக்கும் முறையும் இருக்கிறது. இவ்வளவையும் சொல்ல பத்து நிமிடம் போதும். சொன்னால் மனம் உடைந்துவிடும் என்கிறார் மகன். சொல்லாவிட்டால், கட்டுப் பிரிக்கிற அன்று அப்பா தானே கண்டுகொள்வார். அதற்குப் பிறகு நாம் எழுதித் தரும் மாத்திரையை அவர் எப்படி நம்புவார்?

மாத்திரையோ இன்று தவிர்க்க முடியாதது. பரவிய நோய்க்கு ஹார்மோனை அடக்குவது மட்டும் போதாது என்று 2015இல் டோசிடாக்செல் என்ற கீமோ மருந்தின் ஆய்வும் 2017இல் அபிராடிரோன் மாத்திரையின் ஆய்வுகளும் காட்டிவிட்டன. வசதியில்லாதவருக்கு அபிராடிரோன் 1000 மி.கி.யை வெறும் வயிற்றில் தருவதற்குப் பதிலாக 250 மி.கி.யைச் சாப்பாட்டோடு தரலாம் என்பதற்கு 2018இல் வெளிவந்த, 72 பேர் மட்டுமே பங்கேற்ற சிறிய ஆய்வு ஒன்று ஆதாரம். அது பி.எஸ்.ஏ.யைத்தான் அளந்தது, ஆயுளை அல்ல. ஆனாலும் மருந்தே இல்லாமல் இருப்பதைவிட மேல் என்பது நம் கருத்து. இரத்த அழுத்தம், பொட்டாசியம், கல்லீரல் நொதிகள் ஆகியவற்றைத் தக்கலையிலோ குழித்துறையிலோ இருக்கும் பொது மருத்துவரே பார்த்துக்கொள்ளலாம். பரவல் குறைவாக இருந்தால் புராஸ்டேட்டுக்கும் கதிர் தருவது ஆயுளைக் கூட்டுகிறது.

பரவாத நோயில் நிலைமை தலைகீழ். அங்கே நாம் தேவையில்லாமல் பயமுறுத்துகிறோம். பிரிட்டனில் 1643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர் என மூன்றாகப் பிரித்த புரொடெக்ட் ஆய்வில், பதினைந்து ஆண்டுகளில் இந்த நோயால் இறந்தவர்கள் மூன்று பிரிவுகளிலும் ஏறக்குறைய 3 சதவீதமே. கண்காணிப்பில் இருந்தவர்களிடம் பரவல் கூடுதல். அறுவைக்குப் பின் மூத்திரக் கசிவு கூடுதல். ஆய்வில் இருந்தவர்கள் பி.எஸ்.ஏ. பரிசோதனையில் கண்டெடுக்கப்பட்டவர்கள் என்பதை மறக்கக்கூடாது. ஆனால் தீவிரம் குறைந்த க்ளீசன் 6 என்று அறிக்கை வந்தவரிடம் "நாளைக்கே அட்மிட் ஆகணும்" என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அவர் அறுவை மருத்துவர், கதிர் மருத்துவர் இருவரையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

கரண்டு வைப்பது, அதாவது கதிர் சிகிச்சை, என்றால் நெய்யூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ அலைய வேண்டும். 37 முறைக்குப் பதில் 20 முறை போதும் என்று 2016இல் தெரிந்த பிறகு அந்த அலைச்சல் ஏறக்குறைய பாதியாகியிருக்கிறது. மணவாளக்குறிச்சி மணலிலேயே கதிர் இருக்கிறதே, இன்னும் வைக்கணுமா என்று கேட்பவர்களும் உண்டு. அதே மாதிரி மணல் உள்ள கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்தும் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. இந்தக் கேள்விக்குச் சிரிக்காமல் பதில் சொல்வது நம் வேலை.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. சமீரா கோலி வழக்கில், பெண்ணின் கருப்பையைத் தாயின் சம்மதத்தோடு எடுத்தது செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடியவருக்காக வேறொருவர் சம்மதம் தர முடியாது. ஆகவே நம் சம்மதப் படிவத்தில் 'இரண்டு விரைகளையும் நீக்குதல்' என்று தமிழில் எழுதியிருக்க வேண்டும்; அதற்குக் கீழே கையெழுத்தோ கைநாட்டோ, அது அப்பாவுடையதாக இருக்க வேண்டும். மகன் சாட்சியாகக் கையெழுத்துப் போடட்டும்.