பெயர்ப்பலகையை மாற்றினால் மலை நின்றுவிடுமா?

டித்வா புயல் நம் மலைகளைக் கிழித்துப் போட்ட பிறகு, அனர்த்த நிறுவனங்களை மறுசீரமைக்க வேண்டும் என்ற பேச்சு பல பக்கங்களிலும் எழுந்திருக்கிறது. மறுசீரமைப்பை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. மாற்றிய பிறகு பதில் சொல்லப் போவது யார்?

2025 நவம்பர் கடைசி வாரத்தில் 600க்கும் மேற்பட்ட உயிர்களை இந்நாடு இழந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவே பலரைக் கொண்டுபோனது. வீதிகள் அறுந்தன, தொலைபேசிகள் ஊமையாயின. பாமன்கடை, வெள்ளவத்தைப் பக்கம் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலைக்கு நிற்கும் நம் பிள்ளைகள், ஊரில் அம்மா அப்பா இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த நாட்களை யாரும் மறக்கமாட்டோம்.

இது நமக்குப் புதிதுமில்லை. கொஸ்லாந்தை மீரியபெத்தை தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. எச்சரிக்கை இருந்தது. போவதற்கு வேறு காணியும் வீடும்தான் இருக்கவில்லை. தப்பியவர்கள் மாகல்தெனியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஏறக்குறைய இரண்டு வருடங்கள் காத்திருந்த பிறகே, 2016இல் 75 வீடுகள் கிடைத்தன.

அப்படியானால் நிறுவனம் இல்லாமலா சனம் செத்தது? இல்லை. சுனாமிக்குப் பின் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அதன்படி ஒரு தேசிய பேரவை உண்டு. ஜனாதிபதி அதன் தலைவர், பிரதமர் உபதலைவர். எதிர்க்கட்சித் தலைவருக்கும் மாகாண முதலமைச்சர்களுக்கும் அதில் இடமுண்டு. அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இயங்குகிறது. ஆக, பொறுப்பு யாருடையது என்று சட்டம் மறைக்கவில்லை. ஆனால் மாகாண சபைகளின் காலம் முடிந்து வருடங்கள் ஆகியும் தேர்தல் நடத்தப்படாததால், மத்திய மாகாணத்துக்கும் ஊவாவுக்கும் அந்தப் பேரவையில் குரல் கொடுக்க இன்று ஒரு முதலமைச்சர் இல்லை.

அமைச்சின் கதையும் இப்படித்தான். ஒரு காலம் மனித உரிமைகளோடு சேர்ந்திருந்தது, பிறகு தனி அமைச்சானது, பிறகு பொது நிர்வாகத்தோடு இணைந்தது, பிறகு பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. அரசாங்கம் மாறும்போதெல்லாம் பெயர்ப்பலகை மாறியது. மழையைச் சொல்வது வளிமண்டலவியல் திணைக்களம், ஆற்று வெள்ளத்தைச் சொல்வது நீர்ப்பாசனத் திணைக்களம், மண்சரிவைச் சொல்வது கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மூன்றையும் கேட்டு, இத்தனை மணிக்குள் இந்த லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவெடுத்து, லொறி அனுப்பி, தங்க இடம் திறந்து கொடுப்பது யார்?

தோட்டத்துக்கு வந்தால் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. காணி அரசாங்கத்துடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளுடையது. பிரதேச சபை தோட்டத்துக்குள் சேவை செய்வதற்குச் சட்டத் தடை நீங்கியதே 2018இல்தான். துரையைக் கேட்டால் பிரதேச செயலாளரைக் கைகாட்டுவார், அங்கே போனால் கம்பனியைக் கேள் என்பார்கள். இந்த இடைவெளியில்தான் நம் சனம் குடியிருக்கிறது.

மற்ற நாடுகளைப் பார்ப்போம். அமெரிக்காவில் அனர்த்த நிறுவனத்தை 2003இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பயங்கரவாதமே பெரிய கவலையாக இருந்த காலம் அது. 2005இல் கத்ரீனா சூறாவளி வந்தபோது அந்த நிறுவனம் தடுமாறியதை உலகமே பார்த்தது. நிறுவனத் தலைவர் பதவி விலகினார், அடுத்த வருடம் சட்டத்தையே திருத்தினார்கள். ஒடிசாவில் 1999 புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அதன்பின் மாநிலத்துக்கென்று தனி அதிகாரசபை அமைத்து, கரையோரம் புயல் காப்பிடங்கள் கட்டி, கிராமம் கிராமமாக ஆட்களைப் பயிற்றினார்கள். 2013இல் பைலின் புயல் வருமுன் ஏறக்குறைய பத்து இலட்சம் பேரை அப்புறப்படுத்தினார்கள். இறந்தவர் தொகை பத்துகளில் நின்றது. வேலை கிராமத்து வாசல்வரை போனதால்தான் உயிர்கள் தப்பின.

எனவே நாம் கேட்பது இவைதான். தேசிய பேரவை எப்போது கூடியது, என்ன தீர்மானித்தது என்பது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். சிவப்பு எச்சரிக்கை வந்தால் தோட்டத்தைக் காலி செய்யும் பொறுப்பு இன்னாருடையது என்று எழுத்தில் இருக்க வேண்டும். எச்சரிக்கை சிங்களத்தில் வரும் அதே நிமிடம் தமிழிலும் வர வேண்டும். காலி செய்யச் சொன்ன நாளுக்கு முழுப் பேரும் போட வேண்டும். ஒரு நாள் பேர் போய்விடுமே என்ற பயத்தில் மழையோடு மலை ஏறும் ஒரு அம்மாவிடம் எச்சரிக்கையைப் பற்றிப் பேசி என்ன பயன்? இடிந்த வீட்டுக்கு அரசாங்கம் அறிவித்த 50 இலட்சம் ரூபாய், காணி உறுதி இல்லை என்ற காரணத்தால் லயத்துக்காரருக்கு மறுக்கப்படக்கூடாது. உறுதி இல்லாமல் நம்மை வைத்திருந்தது நாம் செய்த குற்றமல்ல.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மீரியபெத்தைக்குப் பிறகு தொழிற்சங்கங்களாகிய நாமும் அஞ்சலி செலுத்தினோம், சம்பளப் பேச்சுக்குத் திரும்பினோம். அபாய லயங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வருடா வருடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தப் பொறுப்பில் நமக்கும் பங்குண்டு.

அடுத்த மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அதற்கு முன் ஒவ்வொரு டிவிசனிலும் தலைவரும் மாதர் அணியும் உட்கார்ந்து, எத்தனை லயம், எத்தனை குடும்பம், நடக்க முடியாதவர் எத்தனை பேர், வெடிப்பு எங்கே, ஊற்று எங்கே என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு பிரதி துரைக்கு, ஒன்று பிரதேச செயலாளருக்கு, ஒன்று சங்கத்துக்கு. மூன்றிலும் திகதி போட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். யாருக்கும் தெரியாது என்று நாளைக்கு எவரும் சொல்ல முடியாதபடி செய்வோம்.