‘அசல்’ என்னும் கற்பிதம்: சித்தூர், திருப்பதிப் பழைய ஜீப்புகளை முன்வைத்து

பழைய ஜீப் ஒன்றைப் பட்டறையில் பிரித்து, அதன் முன்சக்கரங்களிலிருந்த டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் பொருத்தும் மெக்கானிக் ஒரு வரலாற்றுச் சான்றை அழிக்கிறாரா, காப்பாற்றுகிறாரா? பழம்பொருள் ஆர்வலர் இதற்கு ஒரு விடை சொல்வார். மோட்டார் வாகனச் சட்டம் வேறொரு விடை சொல்லும். கூர்ந்து பார்த்தால் இரண்டும் ஒரே நம்பிக்கையின்மீதுதான் நிற்கின்றன. தொழிற்சாலை வாயிலைத் தாண்டிய நாளில் வண்டி எப்படி இருந்ததோ அதுவே அதன் உண்மை வடிவம், பின்னால் நேர்ந்தவை அனைத்தும் கறை என்பது அந்த நம்பிக்கை. சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மகிந்திரா ஜீப்புகளைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை வரலாற்று அடிப்படையில் தவறானது. மலைப்பாதையில் அது ஆபத்தானதும்கூட.

மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை உதிரிகளாக வரவழைத்துப் பூட்டத் தொடங்கியது 1947இல். பின்னர் இந்நாட்டில் நெடுங்காலம் ஜீப் என்ற சொல்லுக்கே உருவமாக நின்றது சிஜே-3பி என்னும் மாடல். அதன் உயர்ந்த பானெட்டைத்தான் சேகரிப்பாளர்கள் இன்று ‘அசல் முகம்’ என்று போற்றுகின்றனர். அந்த உயரம் எங்கிருந்து வந்தது என்று கேட்போர் குறைவு. முந்தைய சிஜே-3ஏ தாழ்ந்த பானெட் உடையது. 1953இல் அதே வண்டிக்குள் ஹரிகேன் என்ற புதிய எஞ்சினை இறக்க வில்லிஸ் முடிவு செய்தது. அந்த எஞ்சின் பழையதைவிட உயரமானதாக இருந்ததால் பழைய பானெட்டுக்குள் அடங்கவில்லை. கிரில்லையும் பானெட்டையும் தூக்கிக் கட்டினார்கள். இன்று மாசுபடாத மூலவடிவம் என்று வணங்கப்படுவது ஓர் எஞ்சின் மாற்றம் விட்டுச்சென்ற தழும்பே.

அமெரிக்காவில் 1968இல் அந்த மாடல் நின்றது. இந்தியாவில் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. பெட்ரோல் விலை தாங்காமல் டிராக்டர் குடும்பத்து டீசல் எஞ்சின் உள்ளே வந்தது. 1980களில் பிரான்சின் பெஜோ நிறுவன வடிவமைப்பிலான 2112 சிசி டீசல் எஞ்சின் எம்எம் 540இல் ஏறியது. ஹரிகேனின் 75 குதிரைத்திறன் இருந்த இடத்தில் 62 குதிரைத்திறன். ஆனால் எரிபொருள் செலவு விவசாயிக்குக் கட்டுப்படியாயிற்று. அமெரிக்க உடல், பிரெஞ்சு எஞ்சின், இந்தியத் தேவை என்றமைந்த கலவைதான் இந்த ஜீப். நிறுவனம் செய்தபோது இம்மாற்றத்துக்குப் பெயர் வளர்ச்சி. திருப்பதிப் பட்டறையில் ஒருவர் அதே வரிசையில் அடுத்த அடியை வைக்கும்போது மட்டும் சிதைவு என்று பெயர் மாறுவதற்கு ஏரண நியாயம் எதுவும் இல்லை. உரிமையும் காப்புரிமையும் யாரிடம் இருந்தன என்பதே வேறுபாடு.

ஒரு கருவியின் வரலாறு அது பிறந்த இடத்தில் மட்டும் எழுதப்படுவதில்லை, உழைத்த இடத்திலும் எழுதப்படுகிறது. திருமலைக்கு முதல் மலைச்சாலை 1944இலும் இரண்டாம் சாலை 1974இலும் திறக்கப்பட்டன. புரட்டாசி மாதத்தில் தமிழகத்திலிருந்து திரளும் கூட்டத்தின் ஒரு பகுதியைப் பல பத்தாண்டுகள் மேலே ஏற்றியும் கீழே இறக்கியும் விட்டவை பங்குக் கட்டண ஜீப்புகள். சித்தூரைச் சுற்றிய மாந்தோப்புகளில் தோத்தாபுரிக் கூடைகளைச் சுமந்தவை, மொகிலி, பாக்கராப்பேட்டை மலைச்சரிவுகளில் திணறியவை, வனத்துறைக்கு ரோந்து போனவை என்று அவ்வண்டிகளின் பணிப்பட்டியல் நீளும். இந்தப் பணிகளில் ஒன்றையும் வில்லிஸ் பொறியாளர் மனத்தில் வைத்திருக்க வழியில்லை. எனவே வண்டி மாறியது. ஆறு பேருக்கான இருக்கையில் பத்துப் பேர் அமர்ந்தபோது பின் வில்பட்டையில் ஒரு பிளேட் கூடியது. கோடை ஏற்றத்தில் தண்ணீர் கொதித்தபோது பெரிய ரேடியேட்டர் வந்தது. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விவாதத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. இன்று திருமலையிலிருந்து இறங்கும் வண்டிகள் பயன்படுத்துவது பழைய முதல் சாலையை. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த அந்த இறக்கத்தில் பிரேக்குக்கு ஓய்வு இல்லை. டிரம்முக்குள் சூடு ஏற ஏறப் பிடிப்பு தளரும். மழையில் நீர் புகுந்தாலும் அதே கதி. பழைய ஜீப்புகளின் மாஸ்டர் சிலிண்டரோ ஒற்றைச் சுற்று உடையது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய் வழி. ஏதேனும் ஒரு சக்கரத்தில் ரப்பர் வாஷர் கிழிந்து எண்ணெய் ஒழுகினால் நான்கிலும் பிரேக் போய்விடும். மிதித்த பெடல் நேரே தரைக்குப் போகும். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தினால் ஒரு பாதி கைவிட்டாலும் மறுபாதி பிடிக்கும். டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போல் வெற்றிடம் தானாகக் கிடைக்காது என்பதால், பிரேக் பூஸ்டர் வேண்டுமென்றால் வெற்றிடப் பம்ப் உடைய ஆல்டர்னேட்டரும் வேண்டும். கனரக கியரைப் போட்டு எஞ்சினால் வேகத்தைக் கட்டலாமே என்று கேட்பவர்கள் அந்த வண்டியின் அமைப்பை அறியாதவர்கள்: பழைய டிரான்ஸ்ஃபர் கேஸில் அந்தக் கியர் நான்கு சக்கர இயக்கத்தோடு மட்டுமே விழும், தார்ச்சாலை வளைவில் அப்படி ஓட்டினால் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கும். பிற்கால ஜீப்புகளில் அதே நிறுவனம் தொழிற்சாலையிலேயே கொடுத்த முன் டிஸ்க் பிரேக்கைப் பழைய அச்சில் அமர்த்துவதற்கு லேத் பட்டறையில் தாங்குதகடு கடைந்தெடுக்கும் ஒருவர் செய்வது இந்த அறிவின் தொடர்ச்சியே. ‘ஒரிஜினாலிட்டி கெட்டுவிட்டது’ என்று அங்கலாய்ப்பவர் அந்தப் பழைய பிரேக்கோடு பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம்.

இனி, சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த கே. ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை இறுக்கமாகப் பொருள்கொண்டது. மாநில விதிகள் இந்தத் தடையைத் தளர்த்த முடியாது என்றது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வகுத்தது.

இப்போது பதிவுச் சான்றிதழை எடுத்துப் பார்க்கலாம். வண்டியின் நிறத்துக்கு அதில் ஒரு கட்டம் உண்டு. பிரேக்குக்கு இல்லை. ஆகவே டிரம்மை டிஸ்க்காக மாற்றுவது பிரிவின் சொற்படி குற்றமா என்று கேட்டால், சான்றிதழில் இல்லாத விவரம் எப்படி மாறுபடும் என்று ஒரு தரப்பும், உற்பத்தியாளர் குறிப்பில் பிரேக் இருக்கிறதே என்று மறுதரப்பும் வாதிடலாம். இந்த மயக்கத்தின் விலையைக் கொடுப்பவர் வண்டிக்காரர். வாகன ஆய்வாளர் கண்ணில் படாமல் வைப்பதே அவருக்குப் பாதுகாப்பு என்றாகிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு மறுப்பதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. இதே பிரிவின் விலக்கோ, எஞ்சினை அடியோடு மாற்றி மின்கலத்தில் ஓடும்படி செய்ய, விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு இடம் தருகிறது. ஜீப்பின் இதயத்தையே எடுத்துவிட வழியுண்டு; அதை நிறுத்தும் காலை வலுப்படுத்தத் தெளிவான வழி இல்லை.

தொன்மை வாகனங்களுக்கென 2021 ஜூலையில் வந்த விதிகள் இச்சிக்கலைத் தீர்த்துவிட்டதாகச் சொல்வோர் அவற்றைப் படிக்கவில்லை. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இருக்கக் கூடாது. பத்தாண்டுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பதிவெண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள். அன்றாடப் பயன்பாடும் வணிகப் பயன்பாடும் கூடாது, கண்காட்சியும் பேரணியும் போன்றவற்றுக்கு மட்டும் சாலைக்கு வரலாம். உழைத்த வண்டி உழைத்ததற்காகவே இந்தத் தகுதியை இழக்கிறது. ஒரு மாளிகைக் கொட்டகையில் துணி போர்த்திக் கிடந்த கார் பாரம்பரியம். பீலேருக்கும் திருப்பதிக்கும் இடையே நாற்பதாண்டு ஓடிப் பிழைப்பதற்காக எஞ்சின் மாற்றிக்கொண்ட ஜீப் பழைய இரும்பு. இது வர்க்கப் பார்வை. பொறியியல் சொற்களில் எழுதப்பட்டிருப்பதால் அவ்வாறு தெரிவதில்லை. அரசு ஜீப்புகளின் நிலை இன்னும் எளிது: 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவே செல்லாது. ஏலத்தில் எடுத்து ஓட்டும் பழைய வழி அடைபட்டு, அவை நேரே உடைப்புக்குப் போகின்றன.

இதற்கு மறுபக்கம் இல்லாமல் இல்லை. உச்ச நீதிமன்றத்தின் அச்சம் வெறும் கற்பனை அன்று. ஹரியானாவின் மண்டி டப்வாலி போன்ற இடங்களில் உதிரிகளிலிருந்து முழு ஜீப்பையே கட்டி விற்பது ஒரு தொழிலாக வளர்ந்தது. அத்தகைய வண்டியின் தாள்கள் ஒரு கதையும் சேஸிஸ் வேறு கதையும் சொல்லக்கூடும். வண்டியை அரையடி தூக்கி, மலைபோல் டயர் மாட்டி, எதிரே வருபவர் கண்ணைக் குருடாக்கும் விளக்குப் பட்டையைப் பொருத்தி ‘ரெஸ்டோரேஷன்’ என்று படம் போடும் இளைஞர்களுக்காக இங்கே யாரும் வாதாட வேண்டியதில்லை. ஈர்ப்பு மையம் உயர்ந்த வண்டி வளைவில் கவிழும். பெரிய டயரை நிறுத்த முன்பைவிட அதிக பிரேக் விசை வேண்டும். வேகமானியும் குறைத்துக் காட்டும். மூன்று கியர் பெட்டியின் தாங்குதிறனைக் கணக்கிடாமல் இரு மடங்கு திறனுள்ள எஞ்சினை ஏற்றுவது அறியாமை. சேஸிஸ் எண்ணை வெட்டி ஒட்டுவது குற்றம், வேறு பெயர் அதற்கு இல்லை. ஆனால் இவற்றையும் இரட்டைச் சுற்று பிரேக்கையும் ஒரே சொல்லால் ‘மாற்றம்’ என்று குறிக்கும் சட்டம் பிரித்தறியும் வேலையைச் செய்ய மறுக்கும் சட்டம்.

இந்த இடத்தில் கருத்தரங்குகளில் தவறாமல் தீசியஸின் கப்பல் மிதந்து வரும். பலகை ஒவ்வொன்றாக மாறினால் அது அதே கப்பலா என்ற புதிர் சுவையானது. ஆனால் திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு ஏதென்ஸுக்குப் போக வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டில் யாதவராயர் காலத்தில் திருப்புல்லாணி தாசர் என்பவர் திருமலைக் கோயிலைப் புதுப்பித்தபோது, பழைய சுவர்களில் இருந்த கல்வெட்டுகள் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. திருமழபாடியில் முதலாம் இராசராசன் விமானத்தைப் பிரித்துக் கட்டச் சொன்னபோதும் கல்வெட்டுகளைப் படியெடுக்க ஆணையிட்டான். இராசேந்திரன் காலத்தில் அவை மீளப் பொறிக்கப்பட்டன. கல் மாறலாம், கணக்கு மாறக் கூடாது என்பது அந்தத் தச்சர்களின் நடைமுறை. காளத்தியின் இராயர் கோபுரம் 2010 மே மாதம் இடிந்து விழுந்து, புதிதாக எழுப்பப்பட்டு, 2017இல் குடமுழுக்குக் கண்டது. அதைப் போலி என்று எந்தப் பக்தரும் சொல்லவில்லை. மாறாக, பதிவு செய்யாமல் மணல் வீச்சால் தூண்களைத் தேய்த்து எழுத்துகளை அழித்த திருப்பணிகளைத்தான் ஆய்வுலகம் கண்டித்தது. அக்கண்டனம் புதுப்பித்தலின்மேல் விழவில்லை, பதிவின்மையின்மேல் விழுந்தது.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற துரின் சாசனமும் இதற்கு மாறாகப் பேசவில்லை. வண்டி தன் ஆயுளில் பெற்ற மாற்றங்கள் அதன் வரலாற்றின் பகுதி. பாதுகாப்புக்காக மாற்றும்போது மீளப்பெறத்தக்க முறையில் மாற்றுக, கழற்றிய பாகங்களை வண்டியோடு வைத்திருக்க, செய்ததை ஆவணப்படுத்துக என்பது அதன் சாரம். ஜெர்மனியில் மாற்றிய பாகத்தை வல்லுநர் சோதித்து வண்டியின் தாளிலேயே குறிக்கின்றனர். பிரிட்டன் ஒரு புள்ளிக் கணக்கை நெடுங்காலம் கையாண்டது: சேஸிஸுக்கு ஐந்து, அச்சு, கியர், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு, எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று, எட்டுப் புள்ளி தேறினால் வண்டி தன் அடையாளத்தை வைத்துக்கொள்ளலாம். எஞ்சினுக்கு அங்கே எவ்வளவு குறைந்த மதிப்பு என்பதை இங்குள்ள ‘அசல்’வாதிகள் கவனிக்க வேண்டும்.

இவற்றை இங்கே கொண்டுவரப் பெரும் பணம் தேவையில்லை. பதிவுக்குப் பின் 15 முதல் 50 ஆண்டு வரையிலான வண்டிகளுக்குப் பாகவாரியான ஒரு மாற்றப் பதிவேடு. பிரேக், ஸ்டியரிங், இருக்கைப் பட்டை, விளக்கு ஆகியவற்றில் பாதுகாப்பைக் கூட்டும் மாற்றங்களுக்குச் சோதனைக்குப் பின் ஒப்புதல். எஞ்சின் மாற்றத்துக்குத் தனியே புகைச் சோதனையும் கியர்பெட்டி, அச்சு ஆகியவற்றின் தாங்குதிறன் கணக்கும். சோதிக்கும் இடம் எங்கே என்ற கேள்விக்கும் விடை அருகிலேயே உண்டு. திருப்பதியில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி 1959 முதல் இருக்கிறது. ஏர்ப்பேட்டில் ஐஐடி இருக்கிறது. இயந்திரவியல் மாணவர் முதுநிலைத் திட்டப்பணிக்கு அயல்நாட்டு மென்பொருளில் கற்பனைக் காரின் பிரேக்கைக் கணக்கிடுவதற்குப் பதிலாக, புறநகர்ப் பட்டறையில் கடைந்தெடுத்த தாங்குதகடு ஒன்றின் வலிமையைச் சோதிக்கலாம். வரலாற்றுத் துறை மாணவர் அப்பட்டறைக்காரரிடம் உட்கார்ந்து, எந்த ஆண்டு எந்த எஞ்சின் வரத் தொடங்கியது, சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து எந்த உதிரி வந்தது, எது உடைந்தது என்று எழுதிக்கொள்ளலாம். அந்தத் தலைமுறையினர் பலர் முதுமையில் இருக்கின்றனர். அவர்கள் கையறிவுக்கு ஏடு இல்லை.

இப்போதைய விதிப்படி, 1986இல் சித்தூரில் பதிவான ஓர் எம்எம் 540க்குத் தொன்மை வாகனத் தகுதி 2036இல்தான் வரும். அதுவும் அதற்குள் யாரும் அதன் எஞ்சினில் பெரிதாகக் கைவைக்காமல் இருந்தால். அதுவரை அது மலையிறங்கிக்கொண்டிருக்கும், சான்றிதழில் நிறம் மட்டும் சரியாக எழுதப்பட்டு.