கொரியர்காரனைத் திட்டாதீங்க சாமி!

மக்களே, இது சண்டைப் பதிவு. பழைய ஆடியோ சாமான் மேல கிறுக்கு இல்லாதவங்க இப்பவே அடுத்த பதிவுக்குத் தாவிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

நம்ம வட்டத்துல மாசத்துக்கு ஒருத்தராவது ஒரு படம் போட்டுடறார். பிரிச்சுப் போட்ட அட்டைப்பெட்டி, அதுக்குள்ள முகப்பு வளைஞ்ச ஒரு மாராண்ட்ஸோ, சான்சுயியோ. கீழே ஒரு பத்திக்கு வசவு. "காட்டுமிராண்டிப் பசங்க, தூக்கி எறிஞ்சிருக்கானுங்க." அதுக்குக் கீழே நாற்பது பேர் வந்து உச்சுக் கொட்டிட்டு, ஆளுக்கொரு கொரியர் கதை சொல்லிட்டுப் போறாங்க. "அந்தப் பெட்டிக்குள்ள எப்படிக் கட்டியிருந்தாங்க, அதையும் ஒரு படம் எடுத்துப் போடுங்க"ன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் கேக்குறேன். ஏன்னா என்னைப் பொறுத்தவரை பத்துக்கு ஒன்பது தடவை அந்தச் சாமானைக் கொன்னது லாரியில ஏத்தினவர் இல்லை. வீட்டு ஹால்ல உக்காந்து பபுள் ராப் சுத்தின புண்ணியவான்தான்.

"அப்போ பெட்டியைத் தூக்கிப் போடறது நியாயமா?"ன்னு கெளம்பிடாதீங்க. நியாயம் இல்லைதான். ஆனா மழை பெய்யறதும்கூட நமக்கு நியாயமாப் படறதில்லை, அதுக்காகக் குடை எடுக்காமப் போவோமா? பார்சல் கீழே விழும். இது சாபம் இல்லை, கணக்கு. இஸ்டான்னு ஒரு அமைப்பு இருக்கு. பெட்டிகளை எப்படிச் சோதிக்கணும்னு விதிமுறை வகுக்கறதுதான் அவங்க பொழப்பு. அவங்களோட 1ஏ சோதனை 68 கிலோ வரைக்குமான பெட்டிகளுக்கானது. அதுல பெட்டியைப் பத்துத் தடவை கீழே போடுவாங்க. ஒரு மூலை, அந்த மூலையில சேர்ற மூணு விளிம்பு, அப்புறம் ஆறு பக்கமும். 10 கிலோவுக்குக் கீழேன்னா 76 செ.மீ. உயரத்துல இருந்து. 19லேர்ந்து 27 கிலோன்னா 46 செ.மீ. 28லேர்ந்து 45 கிலோன்னா 31 செ.மீ. எடை கூடக் கூட உயரம் குறையுது, ஏன்னா கனமான பெட்டியை எவனாலயும் ரொம்ப உயரத்துக்குத் தூக்க முடியாது! மனுஷ முதுகெலும்பை வெச்சுப் போட்ட கணக்கு அது.

அதாவது, இந்தத் தொழில்ல இருக்கிறவங்களே "இது விழும், பத்துத் தடவை விழும்"னு எழுதி வெச்சிருக்காங்க. நம்மாளுதான் "விழவே விழாது"ன்னு நம்பி, ஒரு சுத்து பபுள் ராப்போட அனுப்பிட்டு, விழுந்ததும் ஒப்பாரி வைக்கிறார்.

கல்லூரியில மெக்கானிக்ஸ் பேப்பர் எழுதினவங்க ரெண்டு நிமிஷம் பொறுமையாப் படிங்க. பேக்கிங்கோட சேர்த்து 22 கிலோ வர்ற ஒரு ரிசீவர் 46 செ.மீ. உயரத்துல இருந்து விழுது. மெத்தையே இல்லாம, அட்டை நசுங்கற 5 மி.மீ. தூரத்துக்குள்ள நின்னுச்சுன்னா, சராசரியா 92 ஜி. உள்ள இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் 5 கிலோன்னு வெச்சுக்கோங்க. அந்த ஒரு கணத்துக்கு அது 460 கிலோ கணக்கா நடந்துக்கும். அதைத் தாங்கிட்டு இருக்கறது மெல்லிசுத் தகரமும் நாலு போல்ட்டும். அதே பெட்டிக்குள்ள சுத்தியும் 5 செ.மீ. சரியான ஃபோம் இருந்து, அது பாதி அமுங்கி 2.5 செ.மீ. தூரத்துல நிறுத்துச்சுன்னா வெறும் 18 ஜி. 460 கிலோ இப்போ 92 கிலோ. அஞ்சுல ஒரு பங்கு. அவ்ளோதான் சார் மேட்டர். நிக்கறதுக்கு எவ்வளவு தூரம் கொடுக்கறீங்கங்கறதுதான் பேக்கிங். மத்ததெல்லாம் அலங்காரம்.

இதுல "சரியான ஃபோம்"னு சொன்னதுலதான் சூட்சுமமே இருக்கு. பபுள் ராப் செல்போனுக்கும் கண்ணாடி டம்ளருக்கும் நல்லது. 18 கிலோ இரும்பை அது மேல வெச்சா, நாலு ரப்பர் காலுக்கு அடியில இருக்கிற குமிழெல்லாம் முதல் ராத்திரியே வெடிச்சுடும், மிச்சம் இருக்கறதும் லாரி குலுங்கக் குலுங்கக் காத்து போய்டும். நாலு நாள் கழிச்சு அடியில இருக்கறது வெறும் பிளாஸ்டிக் பேப்பர். தெர்மாகோல் உருண்டை அதை விட மோசம். தண்ணி மாதிரி வழுக்கி விலகி வழி விடும், சாமான் மெதுவா இறங்கி இறங்கிக் கடைசியில அட்டையில போய் உக்காந்துக்கும். சோபாவுல வர்ற மெத்துமெத்துன்னு இருக்கிற ஸ்பாஞ்சும் வேலைக்கு ஆகாது, வெறும் எடையிலேயே முழுசா அமுங்கிடும், அப்புறம் விழும்போது அமுங்க என்ன இருக்கு? வேண்டியது ஈ.பி.ஈ. ஃபோம். புது டிவி பெட்டியில மூலைக்கு மூலை வெள்ளையா, அழுத்தினா மெதுவா எழும்பி வருமே, அது. அதுலயும் ரப்பர் காலை நேரா ஃபோம் மேல வைக்கப்படாது, கத்தி மாதிரி இறங்கிடும். நடுவுல ஒரு ப்ளைவுட் பலகை போட்டு எடையைப் பரப்பணும்.

என் கதையையும் சொல்லிடறேன். 2023ல கொல்கத்தாவுல ஒருத்தர்கிட்ட மாராண்ட்ஸ் 2270 வாங்கினேன். 1971ல வந்த மாடல், சேனலுக்கு 70 வாட். டயல்ல நீல வெளிச்சம் வருமே, அதுக்காகவே உசுரை விடலாம். கட்ட வேண்டிய விதத்தை ரெண்டு பக்கத்துக்கு எழுதி, படமும் வரைஞ்சு அனுப்பினேன். "முப்பது வருஷமா அனுப்பறேன் தம்பி, எனக்கேவா?"ன்னு பதில். வந்து சேர்ந்தது ஒரே ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே ஒரு சுத்து பபுள் ராப், மூணு பக்கம் கசக்கின பெங்காலி பேப்பர், நாலாவது பக்கம் காத்து. முன்பக்க மூலை உள்ள போயிருந்தது. வால்யூம் தண்டு வளைஞ்சு, டயல் கண்ணாடி விரிஞ்சு, டிரான்ஸ்ஃபார்மர் இருந்த இடத்துல தகரம் குழி விழுந்து கிடந்தது. போன் பண்ணினா, "கொரியர்காரன் தூக்கிப் போட்டுட்டான் தம்பி, நான் என்ன பண்ண?" அவருக்கு அது பதில் இல்லை, பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு உரம் போடறது நம்ம உச்சுக் கொட்டல்தான்ங்கறேன்.

"ஃப்ராஜைல்" ஸ்டிக்கர் பத்தி ஒரு வார்த்தை. கொல்கத்தாவுல கெளம்பற பெட்டி ஒடிசா, ஆந்திரா வழியா சென்னை வருது. வழியில அதைத் தொடறவங்க பேசறது நாலு மொழி. ஸ்டிக்கர் இருக்கறது அஞ்சாவதுல. ராத்திரி ரெண்டு மணிக்குக் கோடவுன் வெளிச்சத்துல, 50 கிலோ மூட்டைகளோட மூட்டையா வர்ற உங்க பெட்டியோட சிவப்பு எழுத்தை ஒருத்தர் நின்னு படிக்கணுமாம். அவருக்குக் கூலி மூட்டைக் கணக்குல. நின்னா காசு போச்சு. நம்ம ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு அவரைக் "காட்டுமிராண்டி"ங்கறோம். 1978ல வந்த பயனியர் எஸ்.எக்ஸ். 1980 ரிசீவர் 35 கிலோ. அதை எந்தக் கைப்பிடியும் இல்லாத, மொழுமொழுன்னு டேப் சுத்தின பெட்டியில போட்டு அனுப்பறீங்க. எடை எவ்வளவுன்னு ஒரு வரி எழுதறது இல்லை. தனியாத் தூக்கி அவர் முதுகு பிடிச்சுக்கிட்டா அதுக்கு யார் படம் போடறது? 20 கிலோ தாண்டிட்டா ரெண்டு பக்கமும் கயித்துப் பிடி போடுங்க, எடையைக் கொட்டை எழுத்துல தமிழ்லயும் ஹிந்தியிலயும் எழுதுங்க. பிடிக்க வாகா இருக்கிற பெட்டியை யாரும் எறியறதில்லை, ஏன்னா எறியறதைவிட இறக்கி வைக்கறது சுலபமாயிடுது.

அடுத்த சமாதானம், "ஒரிஜினல் பெட்டியிலதான் அனுப்பினேன்." ஐயா, அந்த அட்டைக்கு வயசு ஐம்பது. ஐம்பது மழைக்காலம் ஈரம் குடிச்சு, பசை காஞ்சு, உள்ள இருக்கிற தெர்மாகோல் தொட்டாலே உதிருது. பொக்கிஷம்தான், ஒத்துக்கறேன். அப்போ அதை உள்பெட்டியா வெச்சு, சுத்தி 5 செ.மீ. ஃபோம் கொடுத்து, வெளியே புதுசா ஒரு 7 ப்ளை பெட்டி போடுங்க. பெட்டிக்குள்ள பெட்டிங்கறது பைத்தியக்காரத்தனம் இல்லை, குறைஞ்சபட்ச மரியாதை.

"இன்ஷூரன்ஸ் போட்டிருக்கேனே"ன்னு ஒருத்தர். ரசீதோட பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வெச்சுப் படிங்க. பேக்கிங் சரியில்லைன்னா கம்பெனி பொறுப்பில்லைங்கற வரி பெரும்பாலும் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். காசே வந்தாலும் 1971ம் வருஷ முகப்பை எந்தக் கடையில வாங்கறது?

கனமான வால்வு ஆம்ப்புக்கு இதெல்லாம்கூடப் பத்தாது. 1961ல வந்த மெக்கின்டாஷ் எம்.சி. 275ஐ எடுத்துக்கோங்க. சுமார் 30 கிலோ, அதுல பெரும்பங்கு மேலே வரிசையா நிக்கிற மூணு டிரான்ஸ்ஃபார்மர். இதை ஃபோம்ல மிதக்க விடறதோட நிறுத்தக்கூடாது. ரப்பர் காலைக் கழட்டிட்டு, அதே மரையில சரியான நீளத்துக்கு போல்ட் போட்டு ப்ளைவுட் பலகையோட முடுக்கிடணும் (நீளம் கூடினா உள்ள போய் எதையாவது குத்தும், அளந்து வாங்குங்க). கே.டி. 88 நாலையும், சின்ன வால்வுகளையும் கழட்டி, எது எந்த சாக்கெட்னு எழுதி, தனித்தனியாச் சுத்தித் தனிப் பெட்டியில. அதுக்கு அப்புறம்தான் ஃபோம், பெட்டி எல்லாம். ஆம்ப் மேல முதல்ல ஒரு பாலித்தீன் கவர் போடுங்க. பபுள் ராப்பை நேரா வார்னிஷ் மேல சுத்தி, வட்ட வட்டமாத் தழும்போட வந்த மரப் பெட்டிகளை நான் பார்த்திருக்கேன். அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

டர்ன்டேபிள்காரங்களுக்குத் தனியாத் திட்டு உண்டு. டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே. 2வோட தட்டைக் கழட்டாம அனுப்பற மகானுபாவர்களே, அந்தத் தட்டு கிட்டத்தட்ட 2 கிலோ, அதோட அடிப்பக்கத்துலதான் மோட்டாரோட காந்தமே இருக்கு. ஒவ்வொரு குதிக்கும் அது தூக்கித் தூக்கி பேரிங்கை இடிக்கும். தோரன்ஸ் டி.டி. 124ல இரும்புத் தட்டு மட்டும் 4.5 கிலோ. எகிறி டோன்ஆர்மை முறிச்சுட்டுத்தான் ஓயும். தட்டு தனி, டோன்ஆர்ம் பின்னால இருக்கிற எடைக்குண்டு தனி, ஹெட்ஷெல் தனி, ஆர்மைக் கட்டிடணும், மூடியைத் தனிப் பெட்டியில. பத்து நிமிஷ வேலை. எண்பதாயிரம் ரூபாய்க்கு விக்கத் தெரிஞ்சவருக்கு இந்தப் பத்து நிமிஷம் கிடைக்கலைன்னா என்ன அர்த்தம்?

நாமக்கல்லுல இருந்து கேரளாவுக்கு லாரி லாரியா முட்டை போகுது. ஸ்டிக்கர் கிடையாது, பபுள் ராப் கிடையாது. ஒவ்வொரு முட்டையும் அசையாம, ஒண்ணை ஒண்ணு தொடாம ஒரு குழியில உக்காந்திருக்கு, எடையைத் தட்டு வாங்கிக்குது. பழைய காகிதக் கூழ்ல செஞ்ச அந்தத் தட்டுக்குத் தெரிஞ்ச இன்ஜினியரிங் நம்ம ஆடியோ மேதாவிகளுக்குத் தெரியலையே!

இனிமே விக்கிறவர்கிட்ட காசு அனுப்பறதுக்கு முன்னாடி, பெட்டி மூடறதுக்கு முன்னாடி எடுத்த படத்தைக் கேளுங்க. குலுக்கிப் பார்த்த வீடியோவும் கேளுங்க. உள்ள ஏதாவது "தொம்"முனு நகர்ற சத்தம் கேட்டா பிரிச்சுத் திரும்பக் கட்டச் சொல்லுங்க. மூஞ்சியைக் காட்டினார்னா வேற ஆளைப் பாருங்க. நீலக் கலர் டயல் உலகத்துல இன்னும் இருக்கு.

டிஸ்கி: அமெரிக்காவுல இருந்து ஊருக்கு மரப்பெட்டி கட்டி அனுப்ப நினைக்கிற நண்பர்களே, பச்சை மரச்சட்டம் 6 மி.மீ.க்கு மேல தடிமன் இருந்தா ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை வேணும், இல்லாட்டி துறைமுகத்துல மாட்டிக்கும். ப்ளைவுட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. முழுக்க ப்ளைவுட்லயே அடிச்சுடுங்க.