பாட்டு வாத்தியார் வேலை: தமிழ்நாடு முழுக்க 86 இடம்தான்! டி.டி.சி. முடித்தவர்கள் திண்டாட்டம்

சென்னை-

கையில் டி.டி.சி. சர்ட்டிபிகேட். தொண்டையில் நல்ல சாரீரம். வேலைதான் இல்லை!

லோயர், ஹையர் பரீட்சை எழுதி, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்து வைத்தால் ஒருநாள் கார்டு வரும் என்று காத்திருந்த காலம் உண்டு. பதிவு மூப்புப்படி வேலை. தலை நரைத்தாலும் கிடைத்துவிடும் என்ற தெம்பாவது இருந்தது.

2017-ல் அந்தத் தெம்பும் போச்சு. அரசு பள்ளி சிறப்பாசிரியர் வேலைக்குப் போட்டித் தேர்வு வந்தது. மொத்தம் 1,325 இடம். இசைக்கு எவ்வளவு தெரியுமா? வெறும் 86! அதற்கும் 95 மார்க்குக்கு எழுத்துத் தேர்வு. பாட்டு வாத்தியாரை பேப்பரில் எடை போட்டது வேடிக்கைதான்.

அரை நாள் உத்தியோகம்

பகுதி நேர வேலை கதை இன்னும் வேதனை. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வரை வகுப்புகளில் 100 பேருக்கு மேல் படித்தால் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. முழு நேரம் என்று சட்டமே சொல்லவில்லை. முடிச்சு விழுந்தது அங்கேதான்.

அந்தச் சட்டத்தை வைத்து 2012-ல் தமிழ்நாட்டில் 16,549 பேரை எடுத்தார்கள். ஓவியத்துக்குத் தனியாக 5,253 இடம். உடற்கல்விக்கு 5,392. இசையையோ தையல், கம்ப்யூட்டர், தோட்டக்கலையோடு ஒரே மூட்டையாகக் கட்டி 5,904 இடத்தில் போட்டுவிட்டார்கள். தையல் மெஷினோடு தம்புராவுக்குப் போட்டி!

வாரம் 3 அரை நாள் வேலை. சம்பளம் 5,000 ரூபாய். அது ஏறி ஏறி 2024-ல்தான் 12,500-ஐத் தொட்டது. மே மாதம் சம்பளமே கிடையாது என்று வருஷக்கணக்கில் ஓடியது. மே மாதம் மட்டும் வயிறு லீவு எடுக்குமா? பணி நிரந்தரம் என்பது 2021 தேர்தலில் தி.மு.க. கொடுத்த 181-வது வாக்குறுதி. அதைக் கேட்டு 2023-ல் நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கிடைத்தது 2,500 ரூபாய் உயர்வு.

கீபோர்டு தெரியுமா?

சரி, வெளியிலாவது பிழைக்கலாமா? தனியார் பள்ளியில் முதல் கேள்வியே, 'கீபோர்டு வாசிப்பீங்களா?' என்பதுதான். அண்ணாநகர், வேளச்சேரி பிளாட்டுகளிலும் அதே கதை. 'டிரினிட்டி கிரேடு வாங்கித் தருவீங்களா சார்?' என்று பெற்றோர் கேட்கிறார்கள். பத்து வருஷம் வீணை சாதகம் செய்தவர் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

கொஞ்சம் தேறியவர்கள் ஆன்லைனில் அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறவர்கள். இங்கே விடிகாலை 5.30 என்றால் நியூயார்க்கில் முதல் நாள் ராத்திரி. காசு பரவாயில்லை. அங்கே லீவு விட்டால் இங்கே வருமானம் நின்றுபோகும்.

மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் 3 வருஷம் நாதசுரம், தவில் படித்தவர்கள் பாடு இதைவிட மோசம். பிளாட்டில் தவிலைத் தொட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுவார். போனில் சொல்லித் தரலாமென்றால் சத்தம் உடைந்து வருகிறது. அவர்கள் முகூர்த்த நாளைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஆடியிலும் மார்கழியிலும் அதுவும் கிடையாது.