மலைக்கு ஒரு விசில்

கல்வராயன் மலையிலிருந்து குறுவட்டப் போட்டிக்கு இறங்கி வரும் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கபடியிலும் அப்படித்தான், பிடித்தால் விடமாட்டார்கள். ஆனால் அந்தப் போட்டிகளில் மலையைச் சேர்ந்த ஒருவர் விசிலோடு நின்று நான் பார்த்ததில்லை. ஆடுவதற்கு ஆள் தேடுகிற நாம், ஆட்டத்தை நடத்துவதற்கு ஆள் தேடுவதே இல்லை. ரக்பி நடுவர் நைஜல் ஓவன்ஸின் வாழ்க்கையைப் படித்ததிலிருந்து இந்தக் குறை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஓவன்ஸ் 1971இல் பிறந்தவர். வேல்ஸ் நாட்டில் மினித்கெரிக் என்ற சிற்றூர். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பியிருந்த பகுதி அது. வீட்டில் பேசியது ஆங்கிலம் அல்ல, வேல்ஷ். பதினாறு வயதில் பள்ளி அணிக்காக ரக்பி ஆடினார். ஆட்டத்தின் முடிவில் கோல்கம்பத்துக்கு நேர் எதிரே ஓர் உதை கிடைத்தது. அதை அடித்திருந்தால் வெற்றி. பந்து எங்கோ போய்விட்டது. நீ போய் நடுவராக இருந்து பாரேன் என்றார் விளையாட்டு ஆசிரியர். பையன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். ஒரு பள்ளியில் சாதாரண வேலை பார்த்துக்கொண்டே சின்னச் சின்னப் போட்டிகளில் விசில் ஊதி மேலே வந்தார். 2015 அக்டோபர் 31 அன்று லண்டன் ட்விக்கன்ஹாமில் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதிய உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு அவர்தான் நடுவர். 2020 நவம்பரில், 100 சர்வதேசப் போட்டிகளை நடத்திய முதல் ரக்பி நடுவர் ஆனார். அதோடு சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலகி மாடு வளர்க்கப் போய்விட்டார்.

ரக்பி நடுவரின் வேலை லேசானதல்ல. பக்கத்துக்கு 15 பேர், 80 நிமிட ஆட்டம். கையால் பந்தை முன்னோக்கி எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் இடத்தில், யார் கழுத்துக்கு ஆபத்து என்று கணத்தில் கண்டுபிடிக்க வேண்டும். தவறு நடந்தாலும், பாதிக்கப்பட்ட அணிக்கு அதனால் லாபம் வரும் என்று தோன்றினால் ஊதாமல் பொறுத்திருக்க வேண்டும். ஊதத் தெரிவதைவிட இந்தப் பொறுமைதான் அரிய கலை என்பேன். நடுவர் சட்டையில் மைக் இருக்கும். ஏன் இந்தத் தீர்ப்பு என்று அவர் வீரர்களுக்குச் சொல்வது தொலைக்காட்சி பார்ப்பவர்கள் வரை கேட்கும். வாக்குவாதம் செய்தால் தண்டனை உதை பத்து மீட்டர் முன்னால் போய்விடும். நூறு கிலோ எடையுள்ள வீரர்கள் நடுவரை 'சார்' என்றுதான் அழைக்கிறார்கள்.

ஓவன்ஸ் உள்ளுக்குள் பட்ட பாடு வேறு. தான் ஒருபாலீர்ப்பு உள்ளவர் என்பதை ஏற்க முடியாமல், 26 வயதில் உயிரை விடப் போனார். மீட்டு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் இல்லாவிட்டால் தங்களுக்கும் வாழ்வில்லை என்று அம்மா சொன்னது அவரைத் திருப்பியது. 2007இல் வெளிப்படையாகச் சொன்னார். ரக்பி உலகம் அவரைத் தள்ளிவைக்கவில்லை. உலகக் கோப்பை இறுதிப் போட்டியைவிடத் தன்னைத் தானே ஏற்றுக்கொண்டதுதான் கடினமான காரியம் என்று அவர் பலமுறை பேசியிருக்கிறார்.

இந்தத் தொழிலில் வசவும் உண்டு. 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை நடத்திய வெய்ன் பார்ன்ஸ் 111 சர்வதேசப் போட்டிகள் கண்டவர், வழக்கறிஞரும்கூட. அந்தப் போட்டிக்குப் பிறகு அவர் குடும்பத்துக்கே மிரட்டல்கள் வந்தன. நம் ஊர்த் திருவிழாக் கபடியில் நடுவரைச் சுற்றி வளைக்கிறவர்களும் அதே வகைதான். அதைச் சகித்துக்கொள்ளவே கூடாது.

நம்மிடமும் ஆட்கள் இருக்கிறார்கள். சென்னையின் வெங்கட்ராகவன் கிரிக்கெட்டில் 57 டெஸ்ட் ஆடினார், பிறகு 73 டெஸ்டுக்கு நடுவராக நின்றார். திண்டுக்கல் ரூபாதேவி கால்பந்தில் இந்தியாவுக்கு ஆடியவர். 2016இல் பிஃபா நடுவர் பட்டியலில் இடம்பிடித்தார். எனக்கு அவர்தான் முக்கியம். சென்னையும் இல்லை, பெரிய கிளப்பும் இல்லை, ஒரு மாவட்டத் தலைநகரிலிருந்து போன பெண். பிஃபா பட்டியல் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கப்படுவது. உடற்தகுதித் தேர்வில் ஓடிக் காட்டாவிட்டால் பழைய பெயர் உதவாது.

ஓடுவதில்தான் நம் மலைப் பிள்ளைகள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லையே. ஒடிசாவில் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த பழங்குடிச் சிறுவர்கள் 2007இல் லண்டன் போய், 14 வயதுக்குட்பட்டோருக்கான சர்வதேசப் பள்ளி ரக்பிக் கோப்பையை வென்று வந்தார்கள். 2025இல் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கை வென்றதும் சென்னை அணிதான். கபடியோ கால்பந்தோ ரக்பியோ, போட்டிகள் பெருகும்போது நடுவர்களும் வேண்டும்.

கல்வராயன் 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை. தீர்ப்பு எப்போதும் மேலிருந்து வந்தது, மலைமக்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துப் பெண்ணொருத்தி மைதானத்தின் நடுவே நின்று தீர்ப்புச் சொல்ல, இரண்டு அணிகளும் அதற்குக் கட்டுப்படுவதை நான் பார்க்க விரும்புகிறேன். விளையாட்டுச் செய்தியாக மட்டும் நான் அதை எண்ணவில்லை.

நடுவர் பணி ஆரம்பத்தில் சோறு போடாது, அதை மறைத்துப் பிள்ளைகளை அழைக்கக் கூடாது. ஓவன்ஸும் பல வருடம் வேறு வேலை பார்த்தவர்தான். ஆனால் உடற்கல்வி ஆசிரியராக வர நினைக்கும் பிள்ளைக்கு நடுவர் சான்றிதழ் கூடுதல் பலம்.

மாவட்ட விளையாட்டு அதிகாரிகளுக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் கோடை விடுமுறையில் நடுவர் பயிற்சி முகாம் ஒன்று நடத்துங்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளையும், ஆடி ஓய்ந்த இளைஞர்களையும் கூப்பிடுங்கள். நடுவர் தேர்வுக் கட்டணத்தை நீங்களே கட்டுங்கள். முகாமைக் கள்ளக்குறிச்சியில் வைக்காதீர்கள், சாயங்காலமானால் மலைக்குப் பஸ் பிடிக்க அவர்கள் பாதியில் எழுந்து ஓட வேண்டியிருக்கும். மலைமேலுள்ள வெள்ளிமலையிலேயே வையுங்கள்.