பள்ளிக்கூடத்துப் புத்தக அலமாரி

நம் நாட்டு இளைஞர் நூல்களைப் படிப்பதில்லை என்பது இக்காலத்துப் பெரியோர் பலரும் மேடைதோறும் கூறும் குறை. கைப்பேசி வந்தது, படிப்புப் போயிற்று என்று காரணமும் உடனே கூறிவிடுகின்றனர். அக்கூற்றில் பாதி உண்மையே உண்டென்பது என் கருத்து. மற்றைப் பாதி, பள்ளிக்கூடங்களிற் பூட்டப்பட்டுக் கிடக்கும் புத்தக அலமாரிகளுள் இருக்கின்றது.

யான் பயின்ற உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர் அறையை ஒட்டி மூன்று அலமாரிகள் நின்றன. கண்ணாடிக் கதவின் வழியே நூல்களின் முதுகை நாங்கள் காணலாம், தொடுதல் கூடாது. வாரத்தில் ஒரு வேளை 'நூலகம்' என்று கால அட்டவணையில் எழுதப்பட்டிருந்தது. அவ்வேளையிற் கணக்குப் பாடமே நடந்து வந்தது. ஒன்பதாம் வகுப்பிற் படிக்குங்கால் ஒருநாள் துணிந்து பொறுப்பாசிரியரிடம் சென்று நூல் ஒன்று வேண்டினேன். அவர் கொடியவர் அல்லர், மிக நல்லவர். "தம்பி, ஒரு புத்தகம் தொலைந்தாலும் நான்தான் பணம் கட்ட வேண்டும். வேண்டுமானால் இங்கேயே நின்று பார்த்துவிட்டுக் கொடுத்துவிடு" என்றார். நின்றபடியே பதினைந்து பக்கம் படித்தேன். மணி அடித்துவிட்டது. அவசரத்தில் நூலின் பெயரையும் பாராமற் கொடுத்து வந்தமையால், அக்கதையின் முடிவு எனக்கு இன்றுகாறும் தெரியாது.

அவ்வாசிரியரைக் குறை கூறுதல் தகாது. நூல் ஒன்று தொலைந்தாற் கேட்பார் உளர். நூறு நூல்கள் படிக்கப்படாமற் கிடந்தாற் கேட்பார் இலர். இந்நிலையிற் சாவியைக் கையில் வைத்திருப்பவர் யாராயினும் பூட்டத்தானே செய்வர்?

சீகாழியில் 1892-ஆம் ஆண்டிற் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்று, 1924-இற் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராய் அமர்ந்த அரங்கநாதன் அவர்கள், நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931-இல் நூலாக வெளியிட்டார். நூல் என்பது காத்து வைத்தற்கன்று, எடுத்து ஆளுதற்கே என்பது அவற்றுள் முதலாவதன் கருத்து. முற்காலத்து ஐரோப்பியப் புத்தகசாலைகளில் நூல்களைச் சங்கிலியாற் பிணித்து வைத்திருந்தனர் என்ப. சங்கிலி ஒழிந்தது, நம் பள்ளிகளிற் பூட்டு நின்றுவிட்டது. அதே 1931-இல் மன்னார்குடியிலிருந்து மாட்டு வண்டி ஒன்று நூல்களை ஏற்றிக்கொண்டு சுற்றுப்புறத்துச் சிற்றூர்களுக்குச் சென்றது. பொது நூலகங்களுக்கெனச் சென்னை மாகாணத்திற் சட்டமும் 1948-இல் இயற்றப்பட்டது. வண்டியேறிக் கிராமங்களுக்குப் போன நூல், பத்தடி தொலைவிலுள்ள வகுப்பறைக்கு வர இயலாதிருத்தல் வியப்பன்றோ?

நிற்க. அலமாரியைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமோ எனின், போதாது. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1880-இற் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைக் கண்ட வரலாறு தமிழ் மாணவர் பலரும் அறிந்ததே. தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் பிறவற்றையும் ஐயரவர்கள் அடுக்கிக் கூற, முதலியார் அவற்றிற்கெல்லாம் வியவாது, சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். அவ்வினாவினின்று தொடங்கிய உழைப்பால், 1887-இற் சீவகசிந்தாமணி அச்சேறி வெளிவந்தது. அது தேர்வு வினா அன்று, மதிப்பெண்ணும் அதற்கில்லை. படித்தவர் ஒருவர் மற்றொருவரை ஆவலோடு கேட்ட வினா.

நம் பள்ளிகளிலோ நூலைக் கையிற் கொடுத்த மறுகணமே, "சுருக்கம் எழுதி வா, இதனால் நீ அறிந்த நீதி யாது?" என்கின்றனர். யானும் அங்ஙனம் ஒரு சுருக்கம் எழுதியதுண்டு. பின்னட்டையிற் கண்டதை விரித்தெழுதிப் பத்துக்கு எட்டு மதிப்பெண் பெற்றேன். நூலைத் திறக்கவேயில்லை.

பதினோராம் வகுப்பில் எங்களுக்குப் புதிதாகத் தமிழாசிரியர் ஒருவர் வந்தார். அவர் செய்தது பெரிய காரியமன்று. ஓர் அலமாரியைச் சுமந்து வந்து எங்கள் வகுப்பறையிலேயே வைக்கச் செய்தார். சாவியை மாணவன் ஒருவனிடம் தந்தார். ஒரு குறிப்பேடும் கொடுத்தார். வெள்ளிதோறும் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒருவன் எழுந்து தான் படித்த கதையைப் பாதி சொல்லி நிறுத்த வேண்டும், மீதியைச் சொல்லலாகாது. (எங்கள் ஆலயத்தில் ஞாயிறுதோறும் சிறுவரை நிறுத்தி வேதபாடம் வாசிக்கச் செய்வர். யான் பிழையாக வாசித்த சொல்லை என் பாட்டி வீடு வரையிலும் திருத்திக்கொண்டே வந்ததுண்டு. ஆதலின் எனக்கு எழுந்து பேச அச்சமில்லை, பிறர்க்கு இருந்தது.)

எங்களுள் ஒருவன் கடற்கரைச் சிற்றூரினன். வகுப்பில் வாய் திறவான். அவன் முறை வந்தபோது, கப்பல் உடைந்த கதையொன்றைத் தன்னூர்ப் பேச்சிலேயே சொல்லத் தொடங்கினான். முதலிற் சிலர் நகைத்தனர். பின்பு அறை முழுதும் அடங்கிற்று. அந்நூலுக்கு அடுத்த வாரம் பதினொருவர் பெயர் எழுதிக் காத்திருந்தோம். பிறகு, நாங்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைக்கு அவன் ஒரு கட்டுரை தந்தான். கொண்டல், கச்சான், சோழகம், வாடை என்னும் காற்றுக்களைத் தன் தந்தையார் கடலில் எங்ஙனம் அறிகின்றார் என்பது பொருள். எழுத்துப்பிழை மிகுதி. எனினும் தமிழாசிரியர் அதனைத் தம் குறிப்பேட்டிற் பெயர்த்தெழுதிக்கொண்டதை நாங்கள் கண்டோம். அன்றுமுதல் எழுதத் தெரியாது என்று எங்களுள் எவனும் கூறவில்லை.

அப்பத்திரிகைக்குப் படி ஒன்றே. வீடு வீடாகச் செல்லும். படித்தோர் கருத்தெழுதுதற்குக் கடைசி நான்கு பக்கம் வெறுமையாக விடப்படும். அப்பக்கங்களே முதலில் நிறைந்தன. அரசாங்கத்தார் 2022-இல் மாணவர்க்கென ஊஞ்சல், தேன்சிட்டு என்னும் இதழ்களைத் தொடங்கியது வரவேற்கத் தக்கதே. ஆயினும் அச்சிட்ட இதழ் எத்துணைச் சிறந்ததாயினும், அடுத்த பலகையில் இருப்பவன் நம் எழுத்தைப் படித்துச் சிரிக்கும் இன்பத்தை அது தர இயலாது.

அவ்வாண்டில் இரண்டு நூல்கள் தொலைந்தன. ஒன்றை ஆடு தின்றுவிட்டதென்பது சாவி வைத்திருந்தவன் வாக்குமூலம். விலையைத் தமிழாசிரியரே கட்டினார். மறு ஆண்டு அவர் வேற்றூருக்கு மாற்றப்பட்டார். அலமாரியும் பழைய இடத்திற்கே சென்று நின்றது. சுண்ணக்கோல் தேய்ந்தால் ஆசிரியரிடம் விலை கேட்பாரில்லை. நூலும் அங்ஙனமே ஆளுந்தோறும் தேயும் பொருள் எனக் கொண்டு, ஆண்டுதோறும் இத்தனை நூல் குறையலாம் என்று விதி செய்துவிட்டால், பூட்டுக்கள் பல தாமே திறக்கும். மாணவர் திருடுவரே என்பாருக்கு யான் கூறுவது ஒன்றே: கதைநூலைத் திருடும் அளவுக்கு விருப்பமுடைய மாணவர் நம்மிடையே மிகுதியாக இலர் என்பதன்றோ அவர்தம் குறை?

விதி மாறுங்காறும் வாளாவிருத்தல் வேண்டா என்று எண்ணி, தமிழ் மாணவர் சிலர் நம் கல்லூரிக்கு அண்மையிலுள்ள ஒரு பள்ளிக்குச் சென்று பேசினோம். அலமாரி ஒன்றன் சாவியைச் சனிக்கிழமைப் பிற்பகல்தோறும் தருவதற்குத் தலைமையாசிரியர் இசைந்துள்ளார். தொலையும் நூல்களின் விலையை நாங்களே செலுத்துவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அத்தாளில் இதுவரை மூவர் கையொப்பமிட்டுள்ளோம். நான்காம் வரி வெறுமையாக இருக்கின்றது.